தேடப்பட்டவள்

சாவி போட்டுத் திறக்கிற கதவாக இருந்திருந்தால் செங்கேணி இந்நேரம் உள்ளே போய்க் குக்கர் ஏற்றியிருப்பாள். இது ஆளைப் பார்த்துத் திறக்கிற கதவு. தினமும் காலையில் வந்து முகத்தைக் காட்டுவாள், கதவு விலகும், ஆர்த்தி அம்மா வீட்டுக்கு லிஃப்ட் ஏறிப் போவாள். அன்று திங்கட்கிழமை முகத்தைக் காட்டினாள். விலகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் காட்டினாள். கதவோரம் இருந்த சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது.

காவலாளி சின்னராசு அவளை நேராகப் பார்க்கவில்லை. அவள் கையால் எத்தனையோ நாள் இட்லி வாங்கித் தின்ற மனிதர்.

“அக்கா, நீ மஞ்சளாயிட்ட.”

“எனக்கு இன்னா காமாலையா?”

“கவன எண்ணுக்கா. கண்ணாடியில உன் எண்ணு ஏறிப்போச்சு. மஞ்சளா இருந்தா உள்ள வுடக்கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்றது?”

கண்ணாடி என்பது அரசாங்கம் அலைவாய் மாவட்டத்துக்குக் கொண்டுவந்த தேடும் இயந்திரம். பத்திரம், பட்டா, பிறப்பு, இறப்பு, கோர்ட் வழக்கு, போலீஸ் புகார் என்று ஆபீஸ் ஆபீசாகச் சிதறிக் கிடந்ததையெல்லாம் அது விழுங்கி வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் போனிலேயே யார் பெயரையும் சொல்லித் தேடலாம். ‘மறைக்க ஒன்றும் இல்லாத மாவட்டம்’ என்று பஸ்ஸுக்குப் பஸ் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அந்த மாவட்டத்தை ரயில் பாதை இரண்டாகப் பிளக்கும். மேற்கே புறநகர், அடுக்கடுக்காக அபார்ட்மெண்ட். கிழக்கே கடற்கரைச் சாலை, வரிசையாக ரிசார்ட். குப்பத்து ஆட்கள் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மணலில் இப்போது சுற்றுலா வந்தவர்கள் குடை விரித்துப் படுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்து எச்சில் தட்டையும் கழுவுவது நடுவில் நசுங்கிக் கிடக்கிற பனையடிக்குப்பம். சீசன் வந்தால் ரிசார்ட்டில் அன்றன்றைக்கு ஆள் எடுப்பார்கள், எடுக்கும் முன் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். மற்ற நாளில் அபார்ட்மெண்ட். அங்கேயும் தேடிப் பார்ப்பார்கள்.

சின்னராசு போன் செய்ய, ஆர்த்தி கீழே இறங்கி வந்தாள். வங்கியில் பெரிய வேலை. குரலை உயர்த்தாத பெண்மணி. கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

“தப்பா எடுத்துக்காத செங்கேணி. உன் மேல ஒரு கேஸ் கூட கிடையாது, எனக்குத் தெரியாதா? நானே வாராவாரம் பார்க்கறேனே.”

“வாராவாரமா?”

“அசோசியேஷன் ரூல்மா. வேலைக்கு வர்றவங்களை எல்லா வீட்டுலயும் செக் பண்ணணும். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

“அப்ப என் மேல ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு பாத்துப் பாத்துத்தான் நான் மஞ்சளானேனாம்மா?”

ஆர்த்தி லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கெட்டவள் இல்லை, அதனால்தான் செங்கேணிக்குக் கோபம் வந்தது. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“சிவப்பா மட்டும் ஆயிடாம பார்த்துக்கோ” என்றாள் ஆர்த்தி. “மோனிஷாவுக்கு வெள்ளிக்கிழமை நர்சிங் கவுன்சிலிங் இல்ல? மஞ்சள்னா விட்டுடுவாங்க. வீட்டுல யாராவது சிவப்புல இருந்தா சீட்டே கிடையாது. ஆஸ்பத்திரி வேலை பாரு, ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

மோனிஷாவின் பெயரைக் கேட்டதும் வேலை போனது செங்கேணிக்கு மறந்துவிட்டது. ஒரே மகள். அப்பன் தேசிங்கு மங்களூர் போட்டில் கிடந்து உழைப்பதும், இவள் இரண்டு கரைக்கும் நடந்து தேய்வதும் அந்த ஒரு சீட்டுக்காகத்தான்.

*

பனையடிக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டேஷனுக்கோ தாலுகா ஆபீசுக்கோ ஒருவரைக் கூப்பிட்டால் ஒருவர் போகமாட்டார், ஊரே போகும். தனியாகப் போனவர்களை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கூட்டமாகப் போனால் நாற்காலி போடுகிறார்கள். இது அனுபவத்தில் தெரிந்துகொண்டது. ஊர்த் தலைவர் கன்னியப்பனிடம் செங்கேணி விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

“நாளைக்கு யாரும் கடலுக்குப் போவ வேணாம்னு சொல்லிடு. ஆபீசுக்குப் போறோம்.”

“எதுக்கு மாமா அல்லாரும்? நான் போய்க் கேட்டுட்டு வரேன்.”

“உன் பொண்ணு நர்சானா ஊசி உனக்கு மட்டுமா போடப் போவுது?” என்றாள் எல்லம்மா. தேசிங்குவின் அக்கா, செங்கேணிக்கு நாத்தனார். நாக்கில் முள் இருக்கும், ஆனால் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

செவ்வாய்க்கிழமை மீன் ஏற்றுகிற வண்டிகளில் குப்பமே ஏறி மாவட்ட ஆவண அலுவலகத்தில் போய் இறங்கியது. வாசலில் தடுத்தார்கள். மனு கொடுத்தவர் மட்டும்தான் அறைக்குள் போகலாமாம். மற்றவர்கள் கூடத்தில் உட்காரலாம், ஃபேன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடியின் பெட்டி ஒன்று நின்றது. பொதுமக்கள் தேடிக்கொள்ளலாம், இலவசம்.

ஆவண அலுவலர் மதுசூதனன் அவளை உட்காரச் சொன்னார். வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“பாருங்கம்மா, ஒரு ஆளைப் பத்தி நிறைய பேர் தேடறாங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு கண்ணாடி எடுத்துக்கும். இவங்ககிட்ட கொஞ்சம் கவனமா இருங்கன்னு சொல்லும். அவ்வளவுதான். குற்றம்னு அது சொல்லவே இல்லை.”

“குத்தம்னு சொல்லாமலே கதவ மூடுதே சார்.”

“கதவை மூடறது நாங்க இல்லையே. அது அசோசியேஷன்.”

“வேலைக்கு எடுக்கறவங்கதான் சார் என்னைத் தேடறாங்க. சீசன்ல ஒவ்வொரு ரிசார்ட்டும் தேடுது. வேலை குடுக்கறதுக்குத்தான் தேடறாங்க. அது எப்பிடி சார் எனக்குக் கெட்ட பேராவும்?”

“எதுக்குத் தேடறாங்கன்னு கண்ணாடிக்குத் தெரியாதும்மா. எத்தனைங்கறதுதான் தெரியும்.”

“உங்க வீட்டம்மாவ யாருன்னா தேடியிருக்காங்களா சார்?”

“அவங்களை எதுக்குத் தேடணும்?”

“அதத்தான் சார் நானும் கேக்கறேன்.”

மதுசூதனன் கோபப்படவில்லை. இந்த மாதிரி ஆட்கள் கோபப்படவே மாட்டார்கள், கோபப்படுவதை நம் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிப்பார்கள். “யாரும் தேடாம ஆறு மாசம் இருந்தீங்கன்னா தானா இறங்கிடும்” என்று சொல்லி, அவள் பக்கத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினார். “இதோ பாருங்க, நீங்க மஞ்சள்லதான்...”

பேச்சு நின்றது. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க ஏறியது. கொஞ்சம் நிற்கும், மறுபடியும் ஏறும்.

“யாரோ உங்களைத் தேடிட்டே இருக்காங்க” என்றார் மதுசூதனன். அவருக்கே ஆச்சரியம். “இப்ப, இந்த நிமிஷம்.”

செங்கேணிக்கு ஒன்றும் புரியவில்லை. உலகத்தில் யாருக்கு இப்போது தன்னைத் தேட வேண்டியிருக்கிறது? அப்புறம் புரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள்.

கூடத்தில் குப்பமே வரிசையில் நின்றது. ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்காக நின்றதில்லை. ஒவ்வொருவராகப் பெட்டியின் முன்னால் போய், அதில் கட்டை விரலை வைத்து, “செங்கேணி, பனையடிக்குப்பம்” என்றார்கள். கண்ணாடி பதமான குரலில் படித்தது. “செங்கேணி, கணவர் பெயர் தேசிங்கு. வழக்குகள் இல்லை. புகார்கள் இல்லை.” கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் இருப்பவருக்கு வழி விட்டார்.

கன்னியப்பன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வாம்மா. அல்லாரும் ஒரு தபா நம்ம காதாலயே கேட்டுட்டோம். உன் மேல ஒரு புள்ளி கிடையாது. எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சாட்சி சொல்லுவோம்.”

“போதும் மாமா” என்றாள் செங்கேணி. பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். “விரல எடுங்க. யாரும் என் பேரச் சொல்லாதீங்க. என் பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க.”

அறைக்குத் திரும்பி வந்தபோது திரை சிவப்பாக இருந்தது.

*

அன்று குப்பத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கன்னியப்பன் இரண்டு முறை செங்கேணி வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனார்.

மோனிஷா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “வுடும்மா, நான் வேற எதுனா படிச்சுக்கறேன். பி.ஏ. இருக்குல்ல” என்றாள். பிளஸ் டூ முழுக்க விடியற்காலையில் எழுந்து படித்த பெண், எவனோ எழுதிய கணக்குக்காக இவ்வளவு சுலபத்தில் தோளை இறக்கிக்கொள்கிறாளே என்று செங்கேணிக்கு ஆத்திரம் பொங்கியது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“வாய மூடுடி” என்றாள். “ஒண்ணும் செய்யாதவங்க எதுக்கு வுட்டுக் குடுக்கணும்?”

எல்லம்மா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எல்லம்மா பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“நம்ம பேரச் சொன்னா நமக்கு ஏறுது” என்றாள். “அவங்க பேரச் சொன்னா யாருக்கு ஏறும்?”

பதில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த மாவட்டத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது கண்ணாடிக்குத் தெரிந்ததைவிடக் குப்பத்துப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த அபார்ட்மெண்டில் எந்த மாடியில் யார், அசோசியேஷன் தலைவர் யார், செயலாளர் யார், எந்த ரிசார்ட்டுக்கு எவர் மேனேஜர் என்று கேட்டால் வீட்டு நாய் பெயர் உட்படச் சொல்லுவார்கள். புதன்கிழமை விடிந்ததிலிருந்து சொன்னார்கள். வெங்காயம் உரிக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெயர், பஸ்ஸில் போகும்போது ஒரு பெயர். ஆண்கள் வலை பிரித்துக்கொண்டே சொன்னார்கள். பக்கத்துக் குப்பங்களுக்கும் சேதி போனது. அவர்களுக்கும் மூடின கதவுகள் இருந்தன.

சாயங்காலம் செங்கேணி ரயில் பாதையைத் தாண்டிப் போனாள். வேடிக்கை பார்க்கத்தான் போனாள், வேறு வேலை ஒன்றும் இல்லை. அபார்ட்மெண்ட் வாசலில் கார்கள் நின்றன. டை கட்டியவர்கள் கதவிடம் முகத்தைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போயிருந்தார்கள். சின்னராசு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஓரத்தில் காய்கறிப் பையோடு ஆர்த்தி. வியர்வையில் பொட்டு கரைந்து வழிந்திருந்தது.

செங்கேணிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பொட்டைப் பார்த்ததும் ஒரு துளி பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. இவர்கள் யாருக்கும் வராதது எனக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஆர்த்தி அவளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். “செங்கேணி, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலம்மா” என்றாள் செங்கேணி. “நானே பாத்தேன். உங்க மேல ஒரு கேஸ் கூட கிடையாது.”

*

குப்பத்துக் கதவுகள் மூடிக் கிடந்த காலமெல்லாம் கண்ணாடியில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை. புறநகர்க் கதவுகள் மூடிய ராத்திரியே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் புது ஆணை வந்தது. மதியம் மதுசூதனன் செங்கேணிக்கு ஆள் அனுப்பினார். வழக்கப்படி குப்பமும் வண்டியேறி வந்து கூடத்தில் உட்கார்ந்தது. இந்த முறை யாரும் பெட்டியின் பக்கம் போகவில்லை.

மதுசூதனன் சிரித்த முகமாக இருந்தார். அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்களுக்கு நல்ல செய்தி. பழையபடி மஞ்சளுக்கு வந்துட்டீங்க. நாளைக்குப் பொண்ணு தாராளமா கவுன்சிலிங் போகலாம்.”

செங்கேணி கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னையறியாமல் கும்பிட்டாள். கண்ணீர் வந்தது. மோனிஷா வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு நடப்பது கண் முன்னால் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

“எப்பிடி சார் எறங்குச்சு? ஆறு மாசம் ஆவும்னீங்களே.”

“புது ஆணைம்மா. இனிமே எல்லாத் தேடலையும் ஒரே மாதிரி எடுத்துக்க முடியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பொறுப்பான தேடல், பொறுப்பில்லாத தேடல்னு ரெண்டா பிரிச்சாச்சு. கம்பெனி, அசோசியேஷன், சொத்து வரி கட்டறவங்க, இவங்க தேடினா கணக்குல வரும். உங்க குப்பம் மாதிரி இடங்கள்லேர்ந்து வர்றது வராது. ஏற்கெனவே தேடினதையும் அழிச்சாச்சு. அன்னைக்கு உங்க ஆளுங்க கூடத்துல நின்னு தேடினாங்களே, அதுவும் போச்சு. அதனாலதான் உங்களுக்கு இறங்கிடுச்சு.”

“அபார்ட்மெண்டுல என்னைத் தேடினது?”

“அது இருக்கும்மா. அது பொறுப்பான தேடல்.”

செங்கேணி அவரையே பார்த்தாள். கடலுக்குப் போகாமல் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்ற அத்தனை முகமும் அவளுக்கு ஞாபகம் வந்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் கெடுத்தார்கள். ஆனாலும் வந்தார்கள். இந்த மனிதரைப் பொறுத்தவரை யாருமே வரவில்லை.

“எங்க ஊரே வந்து நின்னுச்சே சார்.”

“கண்ணாடிக்கு அது நடக்கவே இல்லம்மா. உங்களுக்கு அதுல நல்லதுதானே நடந்திருக்கு?” அவர் குரலைத் தாழ்த்தினார், உதவி செய்கிறவர் தாழ்த்துகிற மாதிரி. “நேத்து அத்தனை பெரிய மனுஷங்களைத் தேடினீங்களே, அதையும் இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. முன்னெல்லாம் ஒருத்தரோட நிலத்தை யாராவது தேடினா உடனே அவர் போனுக்கும், அதுல கையெழுத்துப் போட்ட அதிகாரி போனுக்கும் தகவல் போயிடும், இன்னார் தேடறார்னு. உங்க தேடலுக்கு அது போகாது. பதிவே ஆகாதே. பயமில்லாம இருங்க.”

அவள் மறுபடி கும்பிடவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். கன்னியப்பன் மட்டும் உட்கார்ந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார்.

“மஞ்சள்தான்” என்றாள் செங்கேணி. “மோனிஷா நாளைக்குப் போவலாம்.”

பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். “பாத்தியா, நம்ம கொடுத்த கொடச்சல்ல எறங்கி வந்துட்டானுங்க” என்றாள் எல்லம்மா. அப்படியே விட்டிருக்கலாம். சந்தோஷமாக வண்டியேறிப் போயிருப்பார்கள். செங்கேணிக்கு விட மனமில்லை. அறையில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள்.

சொல்லி முடிப்பதற்குள் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

“அப்ப நாங்க ஆளுங்களே இல்லன்னுட்டானா?” என்றார் கன்னியப்பன்.

“ஆமா மாமா.”

“நாங்க இன்னா தேடினாலும் யாருக்கும் தெரியாதா?”

“தெரியாதாம்.”

கன்னியப்பன் எழுந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “மணல் மேல ரிசார்ட்டுக்காரன் செவுரு எழுப்பினப்ப, அது யார் பேர்ல இருக்குதுன்னு நம்ம மாசிலாமணி தேடினான். சாயங்காலமே போலீஸ் வந்து அவனத் தூக்கினு போச்சு. யாரு போட்டுக் குடுத்ததுன்னு ஊருக்குள்ளயே ஒருத்தன ஒருத்தன் சந்தேகப்பட்டுக்கினு கெடந்தோம்.”

“அந்த ரிசார்ட்டுக்காரன் போன்தான் அவனுக்குச் சொல்லியிருக்கும்” என்றாள் செங்கேணி. “இப்ப சொல்லாது.”

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பெட்டியின் முன்னால் வரிசை நின்றுவிட்டது. முதல் ஆளாகச் செங்கேணி. அவள் கட்டை விரலை வைத்தாள்.

“பனையடிக்குப்பம் கடற்கரை” என்றாள். “வலை காயப்போடற மணல். யாரு வித்தது, யாரு வாங்கினது, யாரு யாரு கையெழுத்துப் போட்டது. அல்லாத்தையும் சொல்லு.”

கண்ணாடி அதே பதமான குரலில் படிக்கத் தொடங்கியது. விற்றவர் பெயரைச் சொன்னது. வாங்கியவர் பெயரைச் சொன்னது. கன்னியப்பன் காதை ஓரமாகச் சாய்த்துக்கொண்டார்.

“நேரில் பார்வையிட்டு, மேற்படி இடத்தை எவரும் பயன்படுத்தவில்லை, அருகில் குடியிருப்போர் எவரும் இல்லை என்று சான்றளித்தவர்,” என்றது கண்ணாடி, “ஆவண அலுவலர் மதுசூதனன்.”

செங்கேணி திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த அறைக்குள் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த அவருடைய போன் சும்மா கிடந்தது.

“அடுத்தவங்க வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்து எல்லம்மாவுக்கு வழி விட்டாள்.